வலப்பக்கத்து ஆணிகள்

அத்தாவுல்லாவின் உள்ளங்கையில் இரண்டு ஆணிகள் கிடந்தன. இரண்டும் ஒரே பெட்டியில் வாங்கியவை. ஒரே தச்சன் ஒரே வாரத்தில் அடித்தவை. படகின் இடப்பக்கத்திலிருந்து பிடுங்கிய ஆணி தலையில் மட்டும் கொஞ்சம் செம்மை படிந்து, மற்றபடி சாம்பல் நிறம் மாறாமல் நிமிர்ந்து கிடந்தது. வலப்பக்கத்து ஆணியைப் பிடுங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பலகையைத் தூக்கியதும் அதுவும் கூடவே வந்துவிட்டது. தலை இருந்தது, முனை இருந்தது, நடு இடுப்பு மட்டும் ஈர்க்குச்சியாக இளைத்திருந்தது. விரலால் அழுத்தினான். ஒடிந்து தூளாகக் கொட்டியது.

"இது இன்னாடா கணக்கு," என்றான். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. திருவொற்றியூர்க் கால்வாய்க் கரையில் படகு ஒருக்களித்துக் கிடந்தது. சேற்று நாற்றமும் வெயிலும் சேர்ந்து எழும்பிக்கொண்டிருந்தன.

எண்ணூர் உப்பளத்திலிருந்து பட்டணத்துக்கு உப்பு ஏற்றிப் போகும் கால்வாய்ப் படகு அது. நடுவில் உப்புக் கொட்டும் குழி. அதன் இரண்டு பக்கமும், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குப் பலகைத் தளம். காற்று விழுந்துவிட்டால் பாயை நம்ப முடியாது. மூங்கில் கழியைக் கால்வாய் அடியில் ஊன்றி, மறுமுனையைத் தோளில் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு முன்னாலிருந்து பின்னால் நடக்க வேண்டும். ஆள் நடப்பது பின்னால், படகு போவது முன்னால். பக்கத்துக்கு ஒருவன். ஒரு பக்கத்தில் ஆள் இல்லையென்றால் படகு கரையைப் போய் முட்டும். ஆகவே அந்தத் தளம் வெறும் பலகையில்லை. படகை நகர்த்துகிற பலம் முழுவதும் ஒரு மனிதனின் குதிகால் வழியாக அந்தப் பலகைக்குள்தான் இறங்குகிறது.

அந்தப் பலகைதான் போன வாரம் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கம் கழி ஊன்றிக்கொண்டிருந்தவன் அத்தாவுல்லாவின் தம்பி ரஹீம். காலடியில் பலகை பெயர்ந்து, அவன் கால் சந்துக்குள் இறங்கி முறுக்கிக்கொண்டது. இப்போது வீட்டில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய காலோடு கிடந்தான்.

வலப்பக்கம் இப்படிப் பல்லிளிப்பது முதல் தடவையில்லை. போன மழைக்கு முன்னால் ஒருமுறை, அதற்கு முந்தின வருஷம் ஒருமுறை. முதலில் எல்லாரும் உப்பைத்தான் பழித்தார்கள். அளத்தில் படகு கட்டும்போது வலப்பக்கம்தான் கரையோரம் இருக்கும். கூடை சுமக்கும் பெண்கள் அந்தப் பக்கம் ஏறி இறங்குவார்கள், உப்பும் அங்கேதான் சிந்தும். அது சரியென்று பட்டதால், இந்த வருஷம் முழுக்கப் படகைத் திருப்பிக் கட்டி இடப்பக்கமாகவே உப்பு ஏற்றினான் அத்தாவுல்லா. கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். சிந்தின உப்பெல்லாம் இடப்பக்கம் விழுந்தது. ஆணி தின்னப்பட்டதென்னவோ வலப்பக்கம்தான்.

அவன் ஆணிகளை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினான்.

ராயபுரத்தில் தேவகிருபையின் ஆணிக்கடை. தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புருஷன் துறைமுகத்தில் சரக்கு எடுக்கப் போய்விடுவார், கடை அவள் பொறுப்பு. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, தராசுத் தட்டில் கீல்களைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஒரு பெட்டியில ரெண்டு தினுசு ஆணி போட்டு விக்கிறியா?"

தேவகிருபை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்க பாய். காலையிலேயே நல்ல வார்த்தையா சொல்லுதியளே."

"இத்தப் பாரு." ஆணிகளை மேஜைமேல் வைத்தான். "இது இடது, இது வலது. என் தம்பி கால் ஒடஞ்சி வூட்ல கீறான். உப்புக் காண்ட்ராக்டரு ராமசுப்பு, மயை வர்றதுக்குள்ள அளத்து உப்பு மொத்தமும் போய்ச் சேரணும்ன்றாரு. என் படகு வரலைன்னா என் முறையை வேற ஆளுக்குக் குத்துடுவாராம். முறை போச்சுன்னா படகை வெறவுக்குத்தான் போடணும். எல்லாம் உன் ஆணியால."

அவள் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். "பாய், இது துத்தநாகத்துல முக்குன ஆணி. இரும்பு ஆணிய உருக்குன நாகத்துல முக்கி எடுப்பாவ. மேல இருக்க நாகம் கரைஞ்சு தீருத வரைக்கும் உள்ள இருக்க இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. இதே பெட்டியில காசிமேட்டுக்காரவ வாங்கிட்டுப் போறாவ, மணலிக்காரவ வாங்கிட்டுப் போறாவ. ஒருத்தரும் வந்து நிக்கல. நீங்க மட்டும்தான் வருஷா வருஷம் வாறிய."

"அப்ப என் படகு பொய் சொல்லுதா?"

"நான் அப்படிச் சொல்லல. என் ஆணி பொய் சொல்லலன்னு சொல்லுதேன்."

பேச்சு தடித்தது. கடைசியில் தேவகிருபை உள்ளே போய் இரண்டு ஊறுகாய்ச் சாடிகளைக் கொண்டுவந்து டப்பென்று வைத்தாள். "உம்ம படகுல இடப்பக்கத் தண்ணி ஒரு சாடி, வலப்பக்கத் தண்ணி ஒரு சாடி கொண்டாரும். புது ஆணி ரெண்டு நான் தாறேன். எங்கன வேணும்னாலும் வையும். எந்த ஆணி செத்துப்போவுதுன்னு பாப்போம்."

கோபம் வந்தால் அவள் பேச்சில் 'நீங்க' என்பது 'நீர்' ஆகிவிடும்.

சாடிகள் அத்தாவுல்லாவின் வீட்டு அடுப்படி மாடத்தில் உட்கார்ந்தன. அவன் மனைவி ரஹீமுன்னிசாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊறுகா வெக்கிற எடத்துல ஆணிய ஊற வெக்கிறாரு உங்க அண்ணன்," என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவள் நெத்திலிக் கருவாட்டை மண்சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தாள். புகை வீடு முழுக்கச் சுற்றியது.

"அண்ணி, ஊறினதும் எனக்கு ஒண்ணு வெய்யி, கஞ்சிக்குத் தொட்டுக்க," என்றான் ரஹீம் படுத்தபடியே.

நாள்கள் போயின. இரண்டு சாடி ஆணியும் ஒன்றுபோலவே இருந்தன. மேலே லேசாக வெண்மை பூத்தது, அவ்வளவுதான். தண்ணீரில் வித்தியாசமில்லை, ஆணியில் வித்தியாசமில்லை. அத்தாவுல்லா அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தான். தப்பு யார்மேலாவது இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைக்காரிமேலும் இல்லை, உப்புமேலும் இல்லை என்றால் எதைப் பிடித்து உலுக்குவது? ராமசுப்புவின் ஆள் ஒருமுறை கரைக்கு வந்து, கிடந்த படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். சொல்லியிருந்தாலாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

"சாடிக்குள்ள பலகை இல்லியே அண்ணே," என்றான் ரஹீம். "படகுல ஆணி தண்ணியிலயா கீது? பலகைக்குள்ளதான கீது?"

அதுவும் நியாயம். வலப்பக்கத்துப் பலகையில் ஒரு துண்டும் இடப்பக்கத்துப் பலகையில் ஒரு துண்டும் அறுத்து, ஆணி அடித்துச் சாடியில் போட்டார்கள். மறுபடியும் காத்திருப்பு. மறுபடியும் இரண்டும் ஒன்றுபோலவே.

"போதும் போ," என்று அத்தாவுல்லா சாடியை வெளியே கொட்டப் போனான்.

ரஹீமுன்னிசா புளியும் சாம்பலும் போட்டுச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "இன்னாங்க, வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் இல்லாதது ஒண்ணு கீதுல்ல?"

"இன்னாது?"

"உங்க பித்தளை."

அத்தாவுல்லா நின்றான்.

அந்தப் பித்தளைப் பட்டையைப் பற்றி அவனிடம் யாரும் குறையாகப் பேசிவிட முடியாது. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் மிச்சச் சாமான்களை ஏலம் போட்டபோது, யாரோ ஒரு கப்பல்காரனின் படகிலிருந்து உரித்த பட்டையென்று வாங்கி, தலைச்சுமையாகவே கொண்டுவந்தான். கழியை இழுத்து எடுக்கும்போது தளத்தின் ஓரம் தேய்ந்துபோகும். அதற்குக் கவசமாக ஓரம் நெடுக அதை வைத்து, அதன் வழியாகவே ஆணி இறக்கிப் பலகையையும் பிடிக்கவைத்தான். ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. கரையிலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணில் படுகிற பக்கமாக வலப்பக்கம் போட்டான். காலை வெயிலில் அது பளபளக்கும்போது மற்றப் படகுக்காரர்கள் கழியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கால்வாயில் வேறெந்தப் படகுக்கும் அப்படி ஒரு ஓரம் இல்லை. ஒவ்வொரு தடவை பலகையை மாற்றியபோதும் பட்டையைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, மறுபடி அதையே அடித்தான்.

"அறிவு கீதா உனக்கு? பித்தளை துருவே புடிக்காத சாமான். துரு புடிக்காத சாமான் இன்னொண்ணைத் துரு புடிக்க வெக்குமா?"

"எனக்கின்னா தெரியும். கேட்டேன்."

"கேக்காதே."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் போன பிறகு ரஹீமுன்னிசா கையைக் கழுவிக்கொண்டு, வாசலில் சாய்த்து வைத்திருந்த பட்டையின் உடைந்த முனையைக் கொண்டுவந்தாள். பழைய ஆணித் துளையில் ஒரு புது ஆணியை நுழைத்தாள். ஒரு சாடியில் பட்டையும் ஆணியும். மற்றதில் வெறும் ஆணி. இரண்டிலும் அளத்து உப்பை ஒரே அளவு கரைத்து ஊற்றினாள்.

"அண்ணன் பாத்தா கத்துவாரு அண்ணி," என்றான் ரஹீம்.

"கத்தட்டும். யாரையும் பேச வுடாம கத்தித்தான் உன் காலை ஒடச்சாரு."

இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பித்தளை இருந்த சாடியில் ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெள்ளை இறங்கியது. அப்புறம் பட்டையைத் தொட்ட இடத்தில் சிவப்பு தலைகாட்டியது. அப்புறம் தண்ணீரே கலங்கிச் செம்மண் குட்டையாகிவிட்டது. அடுத்த சாடி ஆணி சாம்பல் நிறத்தோடு தேமே என்று கிடந்தது. பித்தளையோ முன்னைவிடச் சுத்தமாக இருந்தது.

அத்தாவுல்லா அதை எடுத்துப் பார்த்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்துப் பார்த்தான். ராத்திரிக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் சாடியோடு ராயபுரம் போய்ப் பட்டை விஷயத்தைச் சொன்னபோது, தேவகிருபை வாய்விட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கடியில் கையைவிட்டுத் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, கத்தியால் மேல்காகிதத்தை உரித்தாள். உள்ளே நாகத்தில் செய்த டப்பா சல்லடையாக ஓட்டை விழுந்து, நடுவில் கரிக்குச்சி மட்டும் புதிதுபோல நின்றது.

"பாத்தியளா பாய். உள்ள இருக்கது நாகம், கரி, நடுவுல உப்பு மாதிரி ஒரு ஈரம். நாகம் கரைஞ்சுதான் வெளிச்சம் வருது. கரி அப்படியே இருக்கு. ரெண்டு வேற வேற சாமான உப்பு ஈரத்துல ஒண்ணா சேத்தா, ஒண்ணு கரையும், ஒண்ணு நிக்கும். எது கரையணும்னு அதுகளுக்குள்ள ஒரு வரிசை உண்டு. நாகம் மொதல்ல போவும். அது தீந்ததும் இரும்பு. பித்தளை நிக்கும்."

"அப்ப என் படகே ஒரு பேட்டரியா?"

"வலப்பக்கம் மட்டும். வெளிச்சம் வராத பேட்டரி." பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்க பட்டை அம்புட்டு நீளம், ஆணி இத்துனூண்டு. பெரிய வாய்க்குச் சின்னச் சோறு. சீக்கிரம் தீந்துபோச்சு. தேச்சுத் தேச்சுப் பளபளன்னு வச்சது இன்னும் மோசம். அழுக்குப் படிஞ்சிருந்தாலாவது கொஞ்சம் தடுத்திருக்கும்."

அத்தாவுல்லா சாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். துரு பிடித்த ஆணிகளை மாற்றினான், உப்பு ஏற்றும் பக்கத்தை மாற்றினான், பலகையை மாற்றினான். மாற்றாத ஒன்றைத்தான் ஒவ்வொரு தடவையும் தேய்த்து, மினுக்கி, மறுபடி கொண்டுபோய் வைத்தான். தம்பியின் காலடியில்.

திரும்பிப் போகையில் தச்சன் வரதனையும் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரதன் பலகையில் குந்தி, விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு சாமான் சேரக் கூடாது, அவ்ளோதானே நைனா? எல்லாத்தையும் பித்தளையாக்கிடு. பித்தளை ஸ்குரு போட்டுத் தர்றேன். அரண்மனையாட்டம் நிக்கும்."

"நீ வாங்கித் தர்றியா?" என்றாள் பின்னாலேயே வந்திருந்த ரஹீமுன்னிசா.

"அது வேற பேச்சு."

ரஹீம் கழியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, கரையில் உட்கார்ந்தான். "அண்ணே, தளத்தைத் தாங்குற சட்டமெல்லாம் படகோட விலாவுல எத்தால மாட்டியிருக்கு?"

வரதன் குனிந்து பார்த்தான். "இரும்புப் பட்டா. மொத்தப் படகும் இரும்புதான்."

"அப்ப மேல பித்தளை போட்டா அது கீய இருக்கிற எலும்பைத் தின்னும். இப்ப பலகைதான் போச்சு. அப்பால படகே போவும்."

கால்வாயில் விறகுப் படகு ஒன்று போனது. அதில் கழி ஊன்றியவன் இவர்களைப் பார்த்து, "இன்னா பாய், தங்கத் தளம் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அத்தாவுல்லா தலையைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, எலும்பு இரும்புன்னா மேலயும் இரும்புதான்," என்றான் வரதன். "நாகம் முக்குன ஆணியே அடிக்கிறேன். பித்தளையை எடுத்துட்டம்ல? முடிஞ்சுது."

"முடியலை," என்றான் ரஹீம். "பித்தளை இல்லாத இடப்பக்கத்துலயும், நான் எப்பவாச்சும் கழி ஊனும்போது குதிகாலுக்கடியில பலகை மூச்சு வுடுது. காலை அழுத்தினா பின்னால போவுது, எடுத்தா முன்னால வருது. ஆணி துரு புடிக்கலை, ஆனா ஓட்டை பெரிசாய்க்கினே கீது."

இந்த இடத்தில் ஆணி எப்படிப் பிடிக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். ஆணியைப் பிடித்திருப்பது மரம்தான். அடித்த இடத்தில் நெருங்கிய நார்கள் ஆணியின் உடம்பை இறுக்கிக்கொள்கின்றன. வெயிலில் மரம் சுருங்கும், நீரில் பருக்கும். அந்தப் பிடி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். அதன்மேல் ஒருவன் நாள் முழுக்கக் குதிகாலால் முன்னும் பின்னும் தள்ளினால், ஆணி துளைக்குள் ஆடி ஆடிப் பிடியையே அரைத்துவிடும். போல்ட்டுக்கு மரத்தின் தயவு வேண்டாம். ஊடே துளைத்து, மேலே தலையும் கீழே நட்டுமாக இரண்டு பக்கமும் நெரித்துப் பிடிக்கும். தளர்ந்தால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம்.

அத்தாவுல்லா வலப்பக்கத்து வெறும் சட்டங்களைப் பார்த்துக்கொண்டே, "போல்ட்டு," என்றான்.

"போல்ட்டா? ஒவ்வொண்ணுக்கும் தொளை போடணும் நைனா. மயை வந்துரும்."

"தொளையை நான் போடுறேன். நீ பலகையை ஒக்காத்து."

மேற்கே வானம் கறுத்து, வெறும் காற்றாகக் கலைந்துபோகும் நாள்கள் அவை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அத்தாவுல்லா துரப்பணத்தோடு மல்லுக்கட்டினான். உள்ளங்கை கொப்பளித்தது. ரஹீமுன்னிசா கஞ்சிக் கலயத்தைக் கரையிலேயே கொண்டுவந்து வைத்தாள். துளை போல்ட்டை இறுக்கமாக ஏற்க வேண்டும், ஆனால் அடித்து இறக்கும்படி இருக்கக் கூடாது. அடித்தால் நாகப்பூச்சு உரிந்து இரும்பு தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். இறங்காத துளையை மறுபடி சீவினான். ஒரு பலகை முழுக்க, கோணலாகத் துளைத்துவிட்டுக் கெடுத்தான். அதைக் கரையில் எறிந்தான். பிறகு வேறு பலகை எடுத்தான்.

தளத்தின் ஓரத்துக்குப் பித்தளைக்குப் பதிலாக வேலமரச் சட்டம் அறுத்து வைத்தார்கள். கழி உரசித் தேய்ந்தால் தேயட்டும், இன்னொரு சட்டம் அறுத்துக்கொள்ளலாம். பட்டை வீட்டு வாசலில் கிடந்தது. அதைத் தேய்க்கிற வேலை அத்தாவுல்லாவுக்கு இல்லாமல் போனது.

கடைசிப் பலகையில் வரதன் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். பலகைக்குள் நட்டு பதிந்து மரத்தைத் தின்றுவிடாமலிருக்க, அடியில் வட்டத் தகடு வேண்டும், வாசர் என்பார்கள். தேவகிருபை கொடுத்த வாசர் தீர்ந்துபோயிருந்தது. வரதன் தன் பெட்டியைத் துழாவி ஒரு பிடி எடுத்தான். வெயிலில் அவை மஞ்சளாக மின்னின.

"என்கிட்ட நல்ல வாசரு கீது நைனா. சும்மா எடுத்துக்கோ. துருவே புடிக்காது."

அத்தாவுல்லா துரப்பணத்தைக் கீழே வைத்தான். படகின் ஓரமாக நடந்து வந்து, வரதனின் கையிலிருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவன் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டான். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"வரதா, அதான் வேணாம்ன்றது."

"இத்துனூண்டு வாசருப்பா."

"இத்துனூண்டு போதும். ஆணிக்கடையம்மா கடை தொறந்திருக்கும். நான் போய் வாங்கியாறேன். அதுவரைக்கும் அந்த நட்டைத் தொடாதே."

ராயபுரம் போய் வந்து இறுக்கி முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது. போல்ட்டுத் தலைகளைப் பலகைக்குள் குழித்து இறக்கியிருந்தான். அந்தக் குழிகளில் மரத்தக்கை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினான். பலகை இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்துக் கலப்பத்து அடைத்தான் வரதன், தண்ணீர் கீழே இறங்காதபடி.

மழைக்கு முந்தின கடைசி உப்புக்கு அவர்கள் போனார்கள். ராமசுப்புவின் ஆள் அளத்தில் நின்று படகைப் பார்த்தான். மஞ்சள் பட்டையைத் தேடினான் போலிருக்கிறது, கேட்கவில்லை. முறையை வெட்டவும் இல்லை. இடப்பக்கம் ஒரு கூலி ஆள். வலப்பக்கம், தம்பியின் இடத்தில், அத்தாவுல்லாவே கழியைத் தோளில் கொடுத்து நின்றான். உப்புப் பாரத்தில் படகு கனமாக உட்கார்ந்திருந்தது. குதிகாலை ஊன்றித் தள்ளினான். பலகை பின்னால் போகவில்லை. இன்னொரு தடவை, முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளினான். பலகை அசையவில்லை. படகுதான் நகர்ந்தது.

கரையில் இன்னொரு படகுக்காரன் ரஷீது தன் தளத்தைக் காட்டிக் கேட்டான். "பாய், என்துலயும் ஆணி போவுது. நீ இன்னா போட்ட?"

அத்தாவுல்லா நடந்துகொண்டே சொன்னான்.

"படகோட எலும்பு இரும்புன்னா மேலயும் இரும்புதான். நாகம் முக்குன போல்ட்டு, நாகம் முக்குன நட்டு, நாகம் முக்குன வாசரு. ஊடுருவத் தொளை போட்டு, கையால எறக்கி, இறுக்கிக் கட்டு. பித்தளை ஒரு துண்டுகூடக் கிட்ட வரக் கூடாது."